ஏழாம் நிலையத்தில் நீர் தெளிக்கும் நேரம்

பதிவு 4011. ஜனவரி 11, 2058. காலை 10.00

நுண்தூசி: 91. காற்று வடகிழக்கு, மெதுவாக. கருவிகள் சரி. நீர் தெளிப்பு 9.50க்கு, பத்து நிமிடம்.

பென்சில் எண்: 268.

இதை என்றாவது படிக்கப்போகிறவருக்கு அந்தப் பென்சில் எண் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் குணவதி. வடசென்னை ஏழாம் காற்று நிலையத்தில் பகல் முழுக்க நான் ஒருத்திதான். மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சும் குழாய், அதை ஒட்டி என் அறை. மணிக்கு ஒருமுறை குழாய் காற்றை அளந்து எண்ணை மையத்துக்கு அனுப்பும். மையம் என்பது ஆள் இல்லை, இயந்திரம். எண் 400ஐத் தாண்டினால் வட்டாரத்து ஆலைகள் நிற்கும், குடியிருப்புகளுக்கு அடியில் இருக்கும் சுத்தக்காற்றுக் கூடங்கள் தானாகத் திறக்கும். மனிதர் கையில் சாவி கிடையாது. சாவி இருந்தால் சிபாரிசும் வந்துவிடும் என்று அப்படிக் கட்டினார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மேலதிகாரி வந்து, தூசு பறக்கிறது, அளவெடுக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள் என்றார். எதற்கென்று புரியாத பாப்பாவா நான்? குழாயைச் சுற்றிப் பத்து நிமிடம் நீர் பீய்ச்சினால் எண் சரசரவென்று இறங்கும். ஆலை நிற்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் தேசிங்குக்கும் வேலை நிற்காது. எங்கள் பிளாக்கே என்னைத் தங்கமானவள் என்றது. தெளிப்பதற்கு முன் இருந்த நிஜ எண்ணை மட்டும் பென்சிலால் குறித்து வைப்பேன். வருஷத்துக்கு ஒன்றாகப் பதினோரு பதிவேடுகள் நிரம்பிவிட்டன. ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை.

பதிவு 4012. ஜனவரி 12. மாலை 5.00

நுண்தூசி: 97. கடற்காற்று மதியம் 1.10க்கு வந்தது. நேற்றும் அதே நேரம்தான்.

பென்சில் எண்: 301.

என் மகள் பூவிழிக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. அவளிடம் ஓர் ஊதுகுழல் உண்டு. பலமாக ஊதினால் முள் நகர்ந்து மூச்சின் வேகத்தைக் காட்டும். அவளுக்கு 250 வர வேண்டும். இருநூறுக்குக் கீழே போனால் வெளியே விடமாட்டேன். இன்று காலை 250 என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினாள். சந்தேகப்பட்டு இழுத்து வந்து ஊத வைத்தேன். 190. எண்ணில் பொய் சொல்வாயா என்று தெருவே பார்க்கும்படி கத்தினேன்.

இங்கே வந்து 301 என்று பென்சிலால் எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டு மூடினேன்.

பதிவு 4014. ஜனவரி 14. காலை 6.00

போகி. விடியும் முன்பே தெருவுக்குத் தெரு கொளுத்திவிட்டார்கள். பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், இப்போது செத்த பேட்டரி, வண்டி சீட்டு, உடைந்த சூரியத் தகடு. மேலே பனி, சட்டிக்குத் தட்டு போட்டதுபோல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆலைப் புகையும் அதற்குள்தான். எதிர்த் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை.

5.50க்கு நீர் மோட்டாரின் டைமர் தன் வேலையைச் செய்தது. அனுப்பிய எண் 99. பென்சில் எண் 512.

7.05

தேசிங்கின் அழைப்பு, அப்படியே எழுதுகிறேன்:

“குணா, பாப்பாவுக்கு ரொம்ப இழுக்குது. ஊதச் சொன்னேன், நூத்தி அறுவதுதான் வருது. நெபுலைசர் மூணு வாட்டி வெச்சாச்சு. ஆம்புலன்ஸ்காரன் ரோடே தெரியலன்றான், வண்டி நவுராதாம். ஜனமெல்லாம் கூடத்துக் கதவாண்ட நிக்குது. அந்த நம்பரு நீதானே அனுப்புற? தெறக்க வைம்மா.”

டைமரைப் பிடுங்கிவிட்டேன். எட்டு மணிக்குத் திறக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

8.00

தண்ணீர் இல்லை. எண் 634. பதினோரு வருஷத்தில் முதன்முறை அனுப்பிய எண்ணும் பென்சில் எண்ணும் ஒன்று.

மையத்தின் பதில்:

“நிலையம் ஏழு. பெறப்பட்ட அளவு 634. நீர் மோட்டார் இயங்கவில்லை. தங்கள் நிலையத்தின் பதினோரு ஆண்டுப் பதிவுகளின்படி, நீர் தெளிப்புக்குப் பின் வரும் அளவே இறுதியானது. திருத்தப்பட்ட அளவு 94. திருப்திகரம்.”

திருப்திகரமாம்! நாசமாய்ப் போக.

8.20

மேலதிகாரியை ஏழாவது முயற்சியில் பிடித்தேன். அவர் சொன்னது:

“மேடம், நான் ஊர்ல இருக்கேன். இன்னைக்கு யார் இருப்பாங்க, சொல்லுங்க? என் போன்ல தொண்ணூத்தி நாலுதான் காட்டுது, நல்லாத்தானே இருக்கு? நீங்க பொங்கல் முடிஞ்சதும் ஒரு லெட்டர் போடுங்க, பாத்துக்கலாம்.”

8.40

மையத்தைத் திட்டி என்ன பயன்? அதற்குப் பாடம் எடுத்தவள் நான். மணிக்கு மணி, நாலாயிரம் நாள், தண்ணீருக்குப் பின் வருவது மட்டும்தான் சரி என்று காட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். நல்ல மாணவன், கற்றுக்கொண்டது.

நுண்தூசி மூக்கில் நிற்காது, நேராக நுரையீரலின் அடிவரை போகும். இழுப்பு உள்ளவளுக்கு மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்தேன். மற்ற பிள்ளைகளை நினைக்காவிட்டாலும் என் பிள்ளையை நினைத்திருக்க வேண்டாமா?

9.00

மோட்டார் ஓடினால்தான் மையம் நம்பும். 8.50க்கு ஓடவிட்டு, குழாயின் வாய்க்குமேல் என் குடையைப் பிடித்தபடி நின்றேன். சுற்றிலும் நீர் புகையை அடித்துவிட்டது. 310தான் வந்தது. ஏற்றுக்கொண்டது, ஆனால் திறக்கவில்லை.

தேசிங்கு:

“நூத்தி இருவது. ஒதடெல்லாம் நீலமாயிடுச்சு குணா. கதவ இரும்பு ராடால அடிச்சிப் பாத்தோம், ஒன்னும் ஆவல. நீ வந்துடு. உன்னத்தான் கேக்குறா, வந்துடு.”

வீடு இங்கிருந்து அறுநூறு மீட்டர். பாதிப் படி வரை இறங்கிப் போனேன். போனால் மடியில் போட்டுக்கொள்ளலாம், முதுகைத் தடவலாம். காற்று கொடுக்க முடியுமா? திரும்பி ஏறினேன். கடவுளே, திரும்பி ஏறிவிட்டேன்.

9.35

குடைக்கு அடியில் புகை வேண்டும். இரும்பு வாளி இருக்கிறது. எரிக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். அலமாரியில் பதினோரு பதிவேடுகள்.

நிஜ எண்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. என்றாவது ஒருநாள் யாராவது கேட்டால் எடுத்து நீட்டலாம் என்று வைத்திருந்தேன். அதுதான் என் மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2047ஐ எடுத்துக் கிழிக்கிறேன்.

10.00

“நிலையம் ஏழு. நீர் தெளிப்பு முடிந்தது. அளவு 437. ஏற்கப்பட்டது. கூடங்கள் திறக்கப்படுகின்றன.”

10.04

“தெறந்துச்சு! குணா, தெறந்துச்சு! உள்ள வந்துட்டோம், ஜில்லுனு காத்து வருது. பாப்பா கண்ணத் தெறந்து பாக்குறா. இன்னா பண்ண நீ?”

கீழே உட்கார்ந்து அழுதேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குள் மையம்:

“அவசரநிலை. இனிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கப்படும். 400க்குக் கீழே இறங்கினால் விசிறிகள் நிறுத்தப்பட்டு, உள்ளிருப்போர் வெளியேற்றப்படுவர்.”

கடற்காற்று 1.10க்கு. அதுவரை பதினெட்டு அளவுகள். பதிவேடுகள் பத்து.

10.20

421. 2049 போயிற்று. பூவிழி பிறப்பதற்கு முந்தின நாள் பக்கம் கண்ணில் பட்டது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறி வந்து எழுதியிருக்கிறேன்: 340. அந்தக் காற்றைத்தான் அவள் முதலில் குடித்தாள்.

10.50

415. 2052. மோட்டாரை நிறுத்தவே இல்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் தாள். முகமூடி ஈரமாகி ஒட்டிக்கொண்டது, கழற்றி எறிந்தேன். வாளியின் புகையில் பாதி எனக்கு.

11.30

408. 2056. இருமினால் வாயில் உப்புக் கரிக்கிறது.

பூவிழியே பேசினாள்:

“ம்மா... எரநூத்திப் பத்து வருது. நெசமாத்தான்மா. அப்பாவும் பாத்தாரு. பக்கத்து வூட்டு அக்கா கொழந்தகூட அழுவுது, மொதல்ல அழுவவே இல்ல. நீ எப்போ வருவ?”

காற்று வந்ததும் என்றேன்.

11.50

பதிவேடுகள் தீர்ந்தன. மழைக்கோட்டு. பிளாஸ்டிக் நன்றாகப் புகைகிறது. 460.

12.10

நாற்காலி மெத்தை, செருப்பு, திரைச்சீலை. 412. விரல் நகம் நீலம். நிற்க முடியவில்லை. குடையைக் குழாயோடு என் துப்பட்டாவால் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

12.30

405. கொடிக்கம்பத்தில் கட்டிய துணி தொங்குகிறது. வா, சனியனே, வா. தினமும் கூப்பிடாமல் வருவாயே.

12.40

403. இந்தப் பதிவேட்டின் வெற்றுத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். அட்டையையும். என் கையில் இருப்பது எழுதிய தாள்கள் மட்டும்.

12.50

401. தேசிங்கு கூப்பிடுகிறார். எடுத்தால் கை போதாது.

படிக்கிறவருக்கு. அடுத்து எரிக்க இந்தத் தாள்கள்தான் இருக்கின்றன. இவை உங்கள் கைக்கு வந்திருந்தால், காற்று நேரத்தோடு வந்திருக்கும். அல்லது வாளிவரை என்னால் நகர முடியாமல் போயிருக்கும். எது என்று பூவிழியைக் கேளுங்கள். ஊதச் சொல்லிக் கேளுங்கள். பொய் சொல்ல மாட்டாள்.

1.00

அனுப்பிய எண்:

பென்சில் எண்: