பூட்டச் சொல்லித் தூக்கிய கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆளுக்கொரு இடத்தில் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே ஒரே இடத்தில் நன்றாக இருக்க வேண்டும். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாசம் நீ வீடியோவில் கூப்பிட்டபோது கேமரா ரிப்பேர் என்று போனைக் கூரைக்குக் காட்டினேனே, கேமரா நன்றாகத்தான் இருந்தது, கெட்டது என் தலை. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன் தனக்கே வெட்டிக்கொள்ள முடியுமா, அம்மாவிடம் தலையை நீட்டினேன், அவள் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தை எல்லாம் இரண்டே இழுப்பில் தீர்த்துக்கொண்டாள். நன்றாகச் சிரித்துக்கொள், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மற்றதைப் போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடைவரிசைக்கு ஒரே இரும்புக் கேட்டு, திறந்தால் எல்லாக் கடையும் திறக்கும், பூட்டினால் எல்லாமே பூட்டு. ஊரடங்கு முடிந்தது, திறப்பது இனி உங்கள் இஷ்டம் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லிவிட்டதும் கடைக்காரர் சங்கம் கூடினது. கேட்டின் சாவியை வைத்திருக்கிற பாத்திரக்கடைக்காரர் நாளைக்கே திற என்றார். கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து இருக்கிற மருந்துக்கடை அக்கா மட்டும், ஆஸ்பத்திரியில் இன்னும் படுக்கை கிடைக்கவில்லை, ஒரு மாசம் பொறுங்கள் என்றது. உனக்கென்னம்மா, ஊர் இருமினால் உனக்கு வியாபாரம் என்று வாயை அடைத்துவிட்டார்கள். நானும் திறக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அக்கா என் பக்கம் திரும்பி, தம்பி உன் வீட்டம்மா மூச்சுக்கு மருந்து என்கிட்டத்தான் வாங்குறே, அது ஞாபகம் இருக்கா என்று கேட்டது. ஆறடி நீளத்தில் கத்தரிக்கோல் செய்யச் சொல்லியிருக்கிறேன் அக்கா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை.

திறந்த அன்றைக்கு முதல் ஆளாக டீக்கடை அண்ணன் வந்து உட்கார்ந்தார். தாடியைப் பார்த்து பொண்டாட்டியே வாசலில் நிற்க வைத்து யாரு வேணும் என்று கேட்டாளாம். சவரம் என்றால் முகமூடியைக் கழற்றத்தானே வேண்டும், கழற்றினார், இருமினார். டீத்தூள் தூசிப்பா, நீ கத்தியைப் போடு என்றார், நானும் போட்டேன். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பைப் பையில் கட்டித்தான் கொடுத்தார்களாம், வீட்டில் யாரும் முகம் பார்க்கவில்லை. அந்த முகத்தைக் கடைசியாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தது நான்தானோ என்று நினைத்து அந்தக் கத்தியைத் துணியில் சுற்றித் தனியாக வைத்துவிட்டேன்.

அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையில்தான் சாப்பாடு தூக்கம் எல்லாம். அம்மா நெஞ்சுக்கு இது வந்தால் தாங்காது, உனக்குத் தெரியும். அவள் சாப்பாட்டை இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று திட்டுகிறாள், திட்டும்போது மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்கிறேன். இதுவரை நன்றாகவே திட்டுகிறாள். எனக்குக் காய்ச்சல் இல்லை, காலையில் எழுந்ததும் சவர லோஷனை மோந்து பார்க்கிறேன், வாசனை இன்னும் தெரிகிறது.

கேட்டைத் திரும்பப் பூட்டிவிடலாமா என்று பேச நேற்று சங்கம் மறுபடி கூடினது, என்னை என் கடை வாசலை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டில் கூடத்தான் சாகிறான், ரோட்டை மூடுறோமா என்று பாத்திரக்கடைக்காரர் கத்தினார். அவருக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எதிர்க்கடைத் தையல்காரன் மெதுவாகத்தான் பேசினான், வியாதியில் செத்தால் கணக்கில் எழுதுவாங்க, என் பிள்ளைங்க பட்டினி கிடந்தா அதை யாரு எழுதுவா என்றான். மிஷினை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்த் தையேன் என்றேன், இருக்கிறது ஒரே ரூம், மிஷினை வைத்தால் யாரை வெளியில் நிறுத்தட்டும் அண்ணே என்று கேட்டான். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம், என் கை ஒன்றுதான் பாக்கி. பூட்டச் சொல்லித் தூக்கினேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தைக்காத துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனான். செய்தது சரியா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. அவன் வீட்டுக்கு நம் அரிசியில் பாதியைக் கொடுக்கச் சொன்னேன், அம்மா கொண்டுபோனாள், கதவைத் திறக்கவில்லையாம், வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

உங்கள் ஆபீசைத் திறந்துவிட்டதாகச் சொன்னாய். போ, ஆனால் சாப்பிடும்போது நாலு பேரோடு கதை பேசாதே, உன் வாய் எனக்குத் தெரியாதா, அது என் வாய்தானே. பயந்துபோய் இங்கே கிளம்பி வந்துவிடாதே. தினமும் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு, பேச்சில் இளைப்பு தெரிந்தால் அவளிடம் கேட்காமல் நேராக மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போடு, மறந்துவிடாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருந்து எங்களை நன்றாக வம்புக்கு இழுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: ஓட்டில் தோற்ற கோபத்தில் பாத்திரக்கடைக்காரர் நேற்றே கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியோடு மச்சான் ஊருக்குப் போய்விட்டார். நான் உள்ளே இருக்கிறேன்.