தெளிகரையின் முகம்

செவ்வாய்

விடியலிலிருந்து மழை. வரைதாள் வாங்கப் போய் முழங்கால்வரை நனைந்தேன்.

சுரேஷ் ஒரு பலகை விளையாட்டு தயாரிக்கிறார். அதில் மூன்று கற்பனை நாடுகள். ஒவ்வொன்றின் கொள்கையையும் ஒரு பெண் உருவமாக நான் வரைய வேண்டும். இரண்டு முடிந்தன. வேங்கைமலை: வீரம், கையில் வேல். பொழில்நாடு: கொடை, கையில் கலசம். பாக்கி தெளிகரை. கொள்கை: உண்மை. சனிக்கிழமை நண்பர்களோடு ஆடிப் பார்க்கிறார். அதற்குள் வேண்டும்.

இன்று வரைந்து எறிந்தவை: கண்ணாடி ஏந்தியவள். தராசு. விளக்கு. புறா (எதற்கென்று எனக்கே தெரியவில்லை).

சுரேஷ் போனில்: "நஸீமா, ரொம்ப யோசிக்காதீங்க. ஒரு கிரீடம், வெள்ளைச் சேலை, முடிஞ்சிச்சுலா."

முடியவில்லை. ஆனால் வரும்.

புதன்

மேகமூட்டம். செங்காங் வீட்டிலிருந்து தேக்கா சந்தைக்கு. வாங்க வேண்டியவை: வஞ்சிரம், கறிவேப்பிலை, தேங்காய்.

மீன் கடையில் சரோஜா அக்கா. ஐம்பது சொச்சம் வயது, ரப்பர் பூட்ஸ், முன்பல் ஒன்று இல்லை.

"இன்னிக்கு வந்ததாக்கா?"

கத்தியை நிறுத்தினார். "நேத்து வந்தது. வறுத்துக்கலாம். கொழம்புக்குன்னா வேணாம்."

கடை அவருடையது. எனக்குப் பின்னால் நின்ற இருவர் அது காதில் விழுந்ததும் வேறு கடைக்குப் போனார்கள். அவர் பாட்டுக்குச் செதில் சீவினார்.

மீன் வாங்கவில்லை. சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்கார்ந்து, தே தாரேக் டீ ஆறிப்போகும்வரை வரைந்தேன். அக்காவின் அதே முகம், அதே நிற்பு. கை தானாக ஓடியது.

வியாழன்

வெயில். வண்ணம் முடித்துப் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்.

"பூட்ஸ் போட்ட தேசமா? பல்லு வேற இல்ல. யாரு வாங்குவா? கிரீடம் வைங்க, இல்லாட்டி வேற ஆள் பார்க்கணும்."

"பாருங்க. அப்போ மத்த ரெண்டையும் அவங்களே வரையட்டும்."

உடனே இறங்கி வந்தார். "சரி, சனிக்கிழமை கொண்டு வாங்க."

நல்ல படம் என்று தெரியும்போது பயம் வருவதில்லை. உறுத்துவது வேறு. அந்த அக்காவைக் கேட்காமலே முகத்தை எடுத்திருக்கிறேன்.

வெள்ளி

மதியம் தேக்கா. கூட்டம் குறைந்ததும் படத்தை நீட்டினேன். சரோஜா அக்கா கை துடைத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நானா இது?"

"ஆமாக்கா. ஒரு விளையாட்டுல வர்ற நாடு. அங்க எல்லாரும் உண்மைதான் பேசுவாங்க. அந்த நாட்டுக்கு உங்க முகம். வேணாம்னா கிழிச்சிடுறேன்."

"எல்லா நேரமும் உண்மை பேசுறவ இல்லம்மா நான். நீ கேட்டே, சொன்னேன். கேக்காதவங்ககிட்ட போய் நேத்து மீன்னு நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லை அப்படியே போட்டுட்டியா. பரவால்ல, இருக்கட்டும். பூட்ஸ மட்டும் மஞ்சளா மாத்து. கறுப்பு எனக்குப் பிடிக்கல, கடையில இதான் இருந்துச்சு."

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஏமாற்றமில்லை. அவர் சொன்னது நான் வரைந்ததைவிடச் சரி. படத்தின் கீழே தெளிகரையின் விதியை மாற்றி எழுதினேன்: 'கேட்டால் மட்டும் சொல்லும். கேட்டால் பொய் சொல்லாது.' பூட்ஸ் மஞ்சள்.

சனி

புக்கிட் பாத்தோக், சுரேஷ் வீடு. மாலை 3 மணி. என்னைத் தவிர ஆறு பேர்; நாட்டுக்கு ஒருவராக மூவர் ஆட, மற்றவர்கள் பார்த்தார்கள்.

சுரேஷ் கையில் வேங்கைமலை. அவர் மனைவி மீனாவுக்குத் தெளிகரை. முதல் அரைமணி யாரும் மீனாவைச் சீண்டவில்லை. பிறகு சுரேஷ் கேட்டார்: "உன் படை எங்க இருக்கு?" மீனா சொல்லிவிட்டார். சுரேஷ் சிரித்துக்கொண்டே அங்கே பாய்ந்தார். காலியாகக் கிடந்த சுரேஷின் தலைநகரில், மீனாவோடு கூட்டுச் சேர்ந்திருந்த பொழில்நாட்டுப் படை நுழைந்தது.

"அவங்க எங்கன்னு நீங்க கேக்கலையே" என்றார் மீனா.

மீனாவைத் தவிர ஐந்து பேரும் அடுத்த ஆட்டத்தில் தெளிகரைதான் வேண்டும் என்று சண்டை. சுரேஷ் தெளிகரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"பெட்டி மேல இவங்களையே போட்டுடுவோம்."

கிரீடப் பேச்சு வரவில்லை.

ஞாயிறு

மழை இல்லை. மூன்று படங்களையும் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். சரோஜா அக்கா பக்கத்தில் வேல்காரியும் கலசக்காரியும் கடைப் பொம்மைகள். ஒருத்தி கூட எங்கும் நின்று வேலை பார்த்தவளாகத் தெரியவில்லை.

இரண்டையும் கிழித்தாயிற்று.