மதிய வேளைக்கு ஒருவர் போதும்

யோக்யகர்த்தா,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள ரஹாயு அக்காவுக்கு உன் தங்கை வெனிங் எழுதுவது.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், பாத்தாம் தீவின் மழை உன் அறைக்குள் ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள். முட்டிவலி இப்போது பரவாயில்லை. ஆனால் மரவள்ளித் தோட்டத்துக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தொழிற்சாலைக்குள் நுழையும்போது உன் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே வந்தால் உனக்குத் தூக்கத்தில் கண் சொருகுகிறது. நான் ஆரம்பிப்பதற்குள் "சரி வெனிங், சாப்ட்டியா, சரி" என்று வைத்துவிடுகிறாய். நம் ஊர் சுகெங் அண்ணன் பாத்தாமுக்குத் திரும்புகிறார், அம்மா பொரித்த நிலக்கடலைப் பெயெக் ஒரு டப்பா கொண்டுவருகிறார். அது நொறுங்காமல் வந்தால் உன் அதிர்ஷ்டம். கூடவே இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதமென்றால் நீ நடுவில் வைத்துவிட முடியாது.

இதை நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. கொஞ்சம் நூலகத்தில், கொஞ்சம் கேன்டீனில், இப்போது நான் வேலை பார்க்கும் கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பால் கூடையின் மேல். எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே வரவில்லை, அக்கா. வகுப்பில் இருந்தால் கடை நினைப்பு, கடையில் நின்றால் பரீட்சை நினைப்பு. எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்துக்கு நேரமாகிவிட்டது போலவே இருக்கிறது. சட்டையில் காப்பி வாசனை போகமாட்டேன் என்கிறது. முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஜகார்த்தாவிலிருந்து வந்தவர்கள் பேசுகிற வேகத்தில், நான் ஒரு வாக்கியம் யோசித்து முடிப்பதற்குள் பாடமே முடிந்துவிடும்.

அப்போது எனக்குத் துணையாக இருந்தவள் நிங்ரும் ஒருத்திதான். உனக்கு அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? கெபுமென் ஊர்க்காரி. என் வகுப்பு, என் அறை, என் கடை, எல்லாவற்றிலும் கூட இருப்பவள். அறையில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள், குறட்டையும் விடுகிறாள். பாஸ்கோரோ சாரின் காப்பிக் கடையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். "சார், இவ பேசமாட்டா, ஆனா வேல செய்வா. நான் ரெண்டும் செய்வேன். ரெண்டு பேரையும் சேத்து எடுத்துக்கோங்க" என்று சொல்லித்தான் என்னை உள்ளே தள்ளிவிட்டாள். வாடிக்கையாளர்கள் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டாள். "காப்பிய குடிக்கிறியா, இல்ல அதுக்குக் காவல் காக்கிறியா?" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்குவார்கள். சில பேர் வாங்கமாட்டார்கள். வாங்காதவர்கள்தான் அதிகம், உண்மையைச் சொல்கிறேன்.

ஹப்சாரி மேடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு சிறு வியாபாரத்தைக் கவனித்து, அதை இன்னும் நன்றாக எப்படி நடத்தலாம் என்று குழுவாக எழுத வேண்டும். என் குழுவில் ரேவான் என்று ஒருவன். அவன் அப்பாவுக்கு ஜகார்த்தாவில் மூன்று உணவகம். அவன்தான் பாஸ்கோரோ சார் கடையை எடுத்துக்கொள்ளலாம் என்றான். நான் அங்கேயே நிற்கிறேனாம், தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாமாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதுவரை என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கடை எப்போது நிரம்பும், எப்போது காலியாகும், யார் எதைச் செய்துகொண்டிருப்பார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துச் சொன்னேன். மதியத்துக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும், நானும் நிங்ரும்மும் அப்போது உட்கார்ந்து டம்ளர் துடைப்போம் என்பதையும் சொன்னேன்.

ரேவான் எழுதிய முடிவுரையில் அது வேறு மாதிரி வந்தது. மதிய வேளைக்கு ஒருவர் போதும். அவ்வளவுதான் அந்த வரி. கீழே அழகான ஒரு வரைபடம்.

இதை எடுத்துவிடலாம், இல்லையென்றால் அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்கலாம் என்று மாற்றி எழுதலாம் என்றேன். "வெனிங், அழுகாச்சிய வீட்டுக்குப் போய் வெச்சுக்கோ. இது மேனேஜ்மென்ட்" என்றான் ரேவான். மற்ற இருவரும் சிரித்தார்கள். கடையைத் தெரிந்தவள் என்பதால் வகுப்பில் நான்தான் பேச வேண்டும் என்று முடிவானது. பேசினேன், அக்கா. முதல் முறையாக அந்த வகுப்பில் எழுந்து நின்று, குரல் நடுங்காமல் பேசினேன். அந்த வரியையும் படித்தேன். மேடம் அழைத்திருந்ததால் பாஸ்கோரோ சாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நிங்ரும் வேறு குழுதான், ஆனாலும் நான் முடித்ததும் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினாள். அந்த வரி யாரைப் பற்றியது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். உறைத்தும் தட்டினாளோ, தெரியாது. மேடம் எங்களுக்குத்தான் அதிக மார்க் போட்டார்.

அடுத்த வாரம் சார் நிங்ரும்மை நிறுத்திவிட்டார். கோபமாக இல்லை. சிரித்த முகத்தோடு, உட்காரவைத்து, நாசி கோரெங் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்து நிறுத்தினார்.

நான் சாரிடம் போனேன். என் நேரத்தைப் பாதியாக்கி எங்கள் இருவருக்கும் கொடுங்கள் என்று கேட்டேன். "தப்பா நினைக்காதம்மா. நீங்கதானே படிச்சுப் பாத்துச் சொன்னீங்க. நான் படிக்காதவன், சொன்னபடி கேட்டேன்" என்றார். அப்படியானால் ஏன் அவள், ஏன் நான் இல்லை என்று கேட்டேன். "நீ எதிர்த்துப் பேசமாட்ட இல்ல, அதான்" என்றார். இப்போது பேசிக்கொண்டிருக்கிறேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டம்ளரைத் துடைக்கப் போய்விட்டேன்.

அறிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை, அக்கா. அதுதான் என்னை அரிக்கிறது. மதியம் நான் ஒருத்தி நின்றே எல்லாம் நடந்துவிடுகிறது. கை வலிக்கிறது, அவ்வளவுதான். பொய் எழுதியிருந்தால் திருத்தியிருப்பேன். சரியாக எழுதியதை எப்படித் திருத்துவது?

நிங்ரும் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நான் வாங்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைத் தொடவில்லை. அதற்கும் அடுத்த நாள் திறந்து பார்த்து, "மிளகாய் வெக்கலயா? செலவக் குறைக்கிறியாடி?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது. முதுகில் நான்கு தட்டுத் தட்டினாள். தேவையைவிடப் பலமாகத்தான் தட்டினாள்.

இப்போது அவள் எங்கள் தெருமுனையில் துணி வெளுக்கும் கடையில் வேலை செய்கிறாள். எடை போட்டு வாங்கி, துவைத்து, தேய்த்துக் கொடுக்கிற கடை. அது காலை வேலை. அதனால் கணக்குப்பதிவியல் வகுப்பு அவளுக்குத் தவறிக்கொண்டே போகிறது. வருகைப் பதிவில் அவளுக்காக நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "வேண்டாம். என் பேர நீ எங்கயும் எழுதாத, ராசியில்ல" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. பாடங்களை மட்டும் எழுதிவந்து அவள் தலையணை மேல் வைக்கிறேன். படிக்கிறாள்.

மூன்று நாளைக்கு முன் குழுவாகக் கூடினோம். அடுத்த அறிக்கைக்கு எந்தக் கடை என்ற பேச்சு வந்தது. ரேவான் சொல்கிறான், "உங்க தெருவுல ஒரு லாண்டரி இருக்கே, வெனிங்? உன் ஃப்ரெண்டு அங்கதானே இருக்கா? உள்ள போறது ஈசி." அவன் கெட்டவன் இல்லை, அக்கா. அவள் ஏன் அங்கே போனாள் என்று அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மாட்டேன் என்றேன். ஏன் என்றான். "நிங்ரும் திரும்பவும் வேலை இல்லாம நிக்கணுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கேன்டீனில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரேவான் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. நான் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

ஹப்சாரி மேடமிடம் போய்ச் சொன்னேன். பாதியில் விலகினால் மார்க் குறையும், உதவித்தொகை பெறும் மாணவி நீ, யோசித்துக்கொள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். யோசிக்கவில்லை. ஆளைக் குறைக்காமல் மதிய நேரத்தில் ஒரு கடை என்ன செய்யலாம் என்று தனியாக ஒரு அறிக்கை எழுதப் போகிறேன். அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. இல்லாமலும் போகலாம்.

நிங்ரும்மைக் கூடச் சேரச் சொன்னேன். வெகுநேரம் ஒரு சட்டையின் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "சரி. ஆனா என் பேர் முதல் பக்கத்துல வரணும். கடைசிப் பக்க முடிவுரையில மட்டும் வராமப் பாத்துக்கோ" என்றாள். இன்று அவளுடைய வேலை முடிந்ததும் உட்காரப் போகிறோம். பழையபடி ஆகிவிட்டோமா என்று கேட்காதே. ஆகவில்லை. ஆனால் இரண்டு நாளாக அவள் என் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

அக்கா, இவ்வளவு நீளமாக எழுதியது இதற்காக மட்டும் இல்லை. போன வாரம் போனை வைக்கும் முன் நீ ஒன்று சொன்னாய். அலுவலகத்திலிருந்து இருவர் நேரம் அளக்கும் கடிகாரத்தோடு வந்து உங்கள் வரிசைக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்றாய். அதில் ஒருத்தி ரொம்பச் சின்னப் பெண், அன்பாகப் பேசுகிறாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்தபிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். அவளுக்கும் எங்காவது ஒரு வகுப்பு, ஒரு மேடம் இருந்திருப்பார்கள்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஆனால் ஏதாவது நடந்தால் எனக்கு முதலில் சொல். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். என் படிப்பை நினைத்து எதையும் மறைத்துவிடாதே. எங்கள் அறை சின்னதுதான், ஆனாலும் மூன்றாவது பாய்க்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். நிங்ரும்மிடமும் கேட்டுவிட்டேன். தன் குறட்டையை நீ பொறுத்துக்கொள்வாயா என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

ஆண்டவன் உன்னை நிற்கிற இடத்தில் நிம்மதியாக நிற்க வைக்கட்டும். அது முடியாமல் போனால் நேராக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
வெனிங்