ஏழாவது விக்கெட்

1987 நவம்பர், ஞாயிறு இரவு

இன்று பிற்பகல் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடி அருளுக்குப் பொன்னாடை போர்த்தினோம். கல்லூரி கண்ட மிகச் சிறந்த பந்துவீச்சாளன் அவன். அகதியாக வந்த இந்த நாட்டில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறான்.

பேசியவர்கள் எல்லோரும் அந்த ஒரு மாட்சைப் பற்றியே பேசினார்கள். அருள் ஏழு விக்கெட் எடுத்தான், இரண்டு ரன்னில் வென்றோம். அந்த ஏழாவது விக்கெட்டின் கேட்ச்சைப் பிடித்த கீப்பர் நான்.

நான் பிடிக்கவில்லை. பந்து நிலத்தில் பட்ட பிறகுதான் என் கைக்குள் வந்தது. கையைத் தூக்கிக் கத்தினேன். அம்பயரும் விரலை உயர்த்திவிட்டார். பதினொரு வருடமாக ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை.

கடைசியில் அருளைப் பேசச் சொன்னார்கள். அவன் பொன்னாடையைக் கழற்றி என் தோளில் போட்டான்.

"இது இவனுக்குத்தான் சேர வேணும். இவன் இல்லாட்டி அண்டைக்குத் தோத்திருப்பம்."

மண்டபமே கைதட்டியது.

மெட்ரோ வரை இருவரும் நடந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், அந்தக் கேட்ச்..."

"ஓம், நிலத்திலை பட்டது. நான் பாத்தனான்."

"பிறகேன் எனக்குப் போர்த்தினனீ?"

"எத்தினை வருஷமடா இந்தப் பாரத்தை நான் தனியக் காவுறது?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பொன்னாடையை வாங்கித் தடவிப் பார்த்தாள். அழகாக மடித்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். விடிந்ததும் அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். என்ன சொல்லி எடுப்பது?