அக்கா பேரில் உன் ரத்தம்

இன்று காலை ஆய்வுக்கூடத்து உறைபெட்டியிலிருந்து பழைய ரத்தக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் பனியைத் துடைத்தால் என் கையெழுத்து: பாக்கியம், றக்வான தோட்டம். பாக்கியம் உன் அக்கா பெயர். ரத்தமோ உன்னுடையது.

நல்ல உடம்புக்காரர்களின் சிறுநீரகம் ஏன் சத்தமில்லாமல் பழுதாகிறது என்று தேடுகிற ஆராய்ச்சி இது. ஆரம்பத்திலேயே தடுக்க ஒரு புது மருந்தும் பரிசோதனையில் இருக்கிறது. குழாயின் அறிக்கையைப் பார்த்த ஆராய்ச்சி டாக்டர், "இவருக்கு அப்போதே பழுது தொடங்கிவிட்டது, கடிதம் அனுப்பினோமே, வந்தாரா?" என்று கேட்டார்.

வேலைக்கான வயது பத்தாமல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் நீ. கல்யாணமாகி நிவித்திகலைக்குப் போன அக்காவின் பெயரிலேயே செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், உனக்குப் பதிவு. தோட்டத்தில் பாதிப் பேர் கதை அதுதானே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ரத்தம் எடுத்த அன்று, உன் சொந்தப் பெயரை எழுதப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"செக்ரோல்ல உள்ளபடியே எழுதுடி. பேரு மாறுனா கங்காணி வேலைய வெட்டிருவாரு."

எழுதினேன். ஒரே லயத்து வீட்டு வரிசையில் ஒன்றாக வளர்ந்தவள், உன் பெயர் தெரியாதவளா நான்?

பாக்கியம் என்று வரும் கடுதாசியை எல்லாம் பிரிக்காமல் அக்காவுக்கு அனுப்புவது உன் வழக்கம். வேலைக்கு மட்டும்தான் உனக்கு அந்தப் பெயர். டாக்டர் அனுப்பிய கடிதத்தையும் அப்படியே அனுப்பிவிட்டாய். அக்கா பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாள். அதை நீ சொல்லிச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது.

"அக்கா கல்லு மாதிரி இருக்கா. ஒங்க மெசினுக்குத்தான் சீக்கு!"

நானும் சிரித்தேனே! குழாயில் பெயர் எழுதிய எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? இரண்டு வருடம் கழித்துக் கால் வீங்கி நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரொம்பப் பிந்திவிட்டது என்றார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் உறைக்கவில்லை. இன்றுதான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளை வேறு தோட்டத்துக்கு ரத்தம் எடுக்கப் போகிறோம். பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் "வீட்டுல ஒங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பேன்.

அதற்கு முன்னால் நிவித்திகலைக்குப் போக வேண்டும். தனக்கு வந்தது பிழையான கடுதாசி என்றுதான் அக்கா இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.