தோற்றால்தான் லீவு

ஜூன் 2, ஞாயிறு
காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். சுள்ளிமானூர் மைதானத்தில் செமி ஃபைனல். ஜெயித்துவிட்டோம். நாசமாய்ப் போக.

தோற்றிருந்தால் இந்நேரம் தென்காசி பஸ்ஸில் இருப்பேன். செல்வி அவள் அம்மா வீட்டில். நிறைமாதம், தலைப்பிரசவம். லீவு கேட்டால் மலையாளி முதலாளியிடமிருந்து ஒரே பதில்: "டூர்ணமென்ட் கழிஞ்ஞிட்டுப் போடா மாடசாமி. நீ போயா பின்னே ஆரு பந்தெறியும்?" டீம் எங்கள் ஹோட்டல் பெயரில். கேப்டன் அவர், ஓப்பனிங் பேட்ஸ்மேனும் அவரே, ஐம்பது தாண்டிய வயதில். நான் பரோட்டா மாஸ்டர். மாவு வீசி வீசிப் பழகின கை, பந்தும் வேகமாகப் போய்த் தொலைக்கிறது.

இன்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்தேன், இங்கே எழுதுவதற்கென்ன. கடைசி ஆள் நான், நாலு ரன் வேண்டும். ஸ்டம்ப் பறக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். பந்து ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. என்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள். மேலே இருந்தபடி பார்த்தால் ரோட்டில் செங்கோட்டை பஸ் போகிறது.

ஜூன் 5, புதன்
சாலை பஜாரில் வாங்க: பிள்ளைக்குத் துணி, கொசுவலை. செல்விக்கு நேந்திரங்காய் சிப்ஸ். என் ஷூவுக்குப் பசை.

போனில் செல்வி: "நீங்க வருவியளா மாட்டியளா? அத மட்டும் சொல்லுங்க."
வருவேன் என்றேன்.
"எப்ப?"
ஞாயிறு ஃபைனல் முடிந்ததும். வைத்துவிட்டாள்.

முதலாளி மோசமான ஆளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்து கஞ்சி ஊற்றினவர். அந்த மனுஷனிடம் எப்படி முகத்திலடித்தாற்போல் பேச?

ஜூன் 9, ஞாயிறு
பேய்மழை. பிட்ச்சில் தவளை. ஃபைனல் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைப்பு. எல்லாரும் ஷெட்டில் கட்டன்சாயா, சீட்டு, சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செல்விக்கு எந்த நேரமும் வலி எடுக்கும் முதலாளி."
"ஃபர்ஸ்ட் டெலிவரி லேட்டாவும்டா. நீ பேடிக்கண்டா." பயப்பட வேண்டாமாம், தோளில் தட்டுகிறார். என்னமோ பத்துப் பெற்றவர் மாதிரி.

ஜூன் 16, ஞாயிறு
பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

முதலில் பந்து போட்டோம். நன்றாகவே போட்டேன், இந்தக் கைக்கு ரோஷம் கிடையாது. அப்புறம் எங்கள் பேட்டிங். இந்தப் பக்கத்து கிளப் மேட்ச்சுகளில் அம்பயர் என்று தனி ஆள் இல்லை. பேட் பிடிக்கிற டீமிலிருந்தே ஒருவன் போய் நிற்க வேண்டும். சொந்த ஆளுக்குக் காலில் பட்டால் எல்பி அவுட் கொடுப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கேப்டனுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் இறங்குகிறவன் சும்மாதானே இருக்கிறான் என்று வெள்ளைக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள்.

ஓவர் மாறும்போது பையில் போன். மாமியார். "மாப்ளே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டோம். புள்ள உங்களத்தான் கேக்கா."

பிட்ச்சின் அந்த முனையில் பேட்டோடு நின்ற முதலாளி கத்தினார்: "போன் வெய்யெடா!"

வைத்தேன். பௌலர் ஓடிவந்தான். ரோட்டில் செங்கோட்டை போர்டு போட்ட பஸ். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பென்று சத்தம். திரும்பினால் பதினொரு பேரும் என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். முதலாளி காலைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்த சிரிப்பு.

விரலைத் தூக்கிவிட்டேன்.

"எந்தா?"
"அவுட்டு, முதலாளி."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அதன்பின் சரசரவென்று எல்லாம் சரிந்தது. நானும் இறங்கி முதல் பந்திலேயே போல்டு. பேட்டைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்கு ஓடிவந்தேன்.

அந்தப் பந்தை நான் பார்க்கவே இல்லை.

ஜூன் 17, திங்கள்
தென்காசி. சுள்ளென்று வெயில். பெண் குழந்தை. நான் வந்து சேருவதற்குள் பிறந்துவிட்டாள்.

செல்வி திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. குழந்தையைக் கையில் வாங்கியதும் எனக்கு அழுகை. "அங்கிட்டுப் போயி அழுங்க, புள்ள முழிச்சிரும்." அப்புறம் மெல்ல, "இனிமே மேட்ச்சு கீட்ச்சுன்னு சொல்ல மாட்டியளே?" குழந்தை தலையைத் தொட்டு மாட்டேன் என்றேன்.

மத்தியானம் முதலாளி போன். வேலை போச்சு என்று நினைத்துத்தான் எடுத்தேன். போனால் போகட்டும், இங்கேயே ஒரு கடையில் கல்லைப் பிடித்துக்கொள்ளலாம். பாதி சந்தோஷம்கூட.

பெண் பிறந்திருக்கிறது என்றேன். "மோளா? நன்னாயி, நன்னாயி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எடா, சத்தியம் பற, உள்ளது சொல்லு. அது அவுட்டு தன்னே?"

"ஆமா முதலாளி. நேர் ஸ்டம்ப்பு."

"எனிக்கும் அப்படித் தோணி." பெருமூச்சு. "சொந்தம் கேப்டனுக்கு அவுட்டு குடுக்கான் ஒரு தைரியம் வேணும்டா. எல்லா டீமும் இப்போ அம்பயராயிட்டு நின்னைத்தான் கேக்குது. பாலோடு கிரவுண்டில் அடுத்த டூர்ணமென்ட். பந்தும் எறி, நம்ம மேட்ச்சு இல்லாத்தப்போ அம்பயரும் நீ தன்னே. ஞாயிறாழ்ச வரணும், கேட்டோ?"

செல்வி குழந்தையை அணைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி முதலாளி" என்றேன்.