கீழ்த்தளத்துக்குப் போன நெருப்பு

நாள் 212, 06:10
வியாழனின் பனிநிலவு யூரோப்பா. சுரங்க நிலையம், மேல்தளம். பதிவு: உலைப் பொறியாளர் உமையம்மை. உலை வெப்பம் சீர். கீழ்த்தளத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடர்கிறது. அவர்களுக்குப் போகும் வெப்பக் குழாயை மூடச் சொன்னார் நிலையத் தலைவர் ரெங்கமன்னார். மூடினேன்.

நாள் 214, 13:40
கீழ்த்தளத் தொழிலாளி சிட்டம்மா சுரங்கத்திலிருந்து வானொலியில்: "மேடம், ரெண்டு பேர் தூங்கினவங்க எந்திரிக்கல. என் வீட்டுக்காரருக்கு விரலெல்லாம் கறுத்துப்போச்சு. ஒண்ணு ஒடிஞ்சே விழுந்துருச்சு. வலிக்கலைங்கிறார்."

பள்ளியில் படித்த கிரேக்கக் கதை நினைவில் ஓடுகிறது. சீயஸ் மனிதர்களிடமிருந்து நெருப்பைப் பறித்து ஒளித்துவைத்தான். புரோமித்தியஸ் அதை ஒரு தண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவனைப் பாறையில் கட்டி, கழுகைவிட்டு ஈரலைத் தின்னவைத்தார்கள். வகுப்பில் தண்டனையைத்தான் விரிவாக நடத்தினார்கள்.

துளைக்கருவியின் எரிவாயுவில் சுடர் உண்டாக்குவது எப்படி என்று சிட்டம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொழிலாளர்களுக்கு அது தடைசெய்யப்பட்ட பாடம்.

நாள் 215, 17:05
"மேடம், பத்திக்கிச்சு. தகட்ட உருக்கி அடுப்பும் செஞ்சுட்டோம்."
அடுப்பு நான் சொல்லித்தராதது. அழுதேன்.

நாள் 216, 09:20
இனிக் குரல் பதிவு. ரெங்கமன்னார் கண்டுபிடித்துவிட்டார். என் வலதுகையை உலை அறைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். மூன்று முறை. பிறகு சங்கிலியால் தூணோடு கட்டினார். வானொலியில் பேசும் பகுதியை உடைத்துவிட்டார். கேட்க மட்டும் முடிகிறது.

நாள் 216, 15:30
தொழிலாளர்கள் கீழ்க்கதவைச் சுடரால் உருக்கிவிட்டார்கள். காவலர் இருவர் எரிவது வானொலியில் கேட்டது. ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டான்.
சிட்டம்மா: "மேடம், உங்க கதவுகிட்ட வந்துட்டோம். வெட்டப் போறோம், தள்ளி நில்லுங்க."
காவலர் சுட்டதில் இங்கே ஹைட்ரஜன் குழாய் உடைந்திருக்கிறது. அறை முழுக்க வாயு. சுடர் உள்ளே வந்தால் இரண்டு தளமும் மிஞ்சாது. கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.

15:36
தீயணைப்பு நைட்ரஜனின் நெம்புகோல் கால் எட்டும் தூரத்தில். திறந்தால் எதுவும் பற்றாது. மேல்தளத்தில் யாரும் மூச்சுவிடவும் முடியாது. கீழிருந்து வருகிறவர்களிடம் முகமூடி இருக்கிறது.
கேமராவில் பார்த்துவிட்ட ரெங்கமன்னார் ஒலிபெருக்கியில்: "காலை எடும்மா. இங்க ஒன்பது பேர் இருக்கோம். சமையல்கார அண்ணனும் இருக்காரு. அவர் உனக்கு என்ன பண்ணினாரு?"
எதுவும் பண்ணவில்லை.
உதைத்தேன்.

15:39
ஒலிபெருக்கியில் நாற்காலி விழுந்த சத்தம். ரெங்கமன்னார் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். கதவு சிவக்கிறது. வெடிக்கவில்லை.
நாக்கு குழறுது. சிட்டம்மா, முகமூடிய கழட்டாதீங்க. உலைய அணைச்சுராதீங்க, எப்படி ஓட்டணும்னு சொல்றேன். முதல்ல இடது பக்கம்